2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கைவேலைச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. பொதுக்கூட்டம் இரண்டு நடந்தது. சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றினோம். ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை வழங்கினோம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சால்டரிங் வகுப்பு இரண்டு நடத்தினோம். கடைசல் இயந்திரத்துக்கு பெல்ட் மாற்றினோம்.

சங்கம் தொடங்கிய நாள் முதல் நம்மோடு இருந்த மூத்த உறுப்பினர் ஒருவரை ஆகஸ்டில் இழந்தோம். அவருடைய உளிகளையும் இழைப்புளியையும் ஒரு தேக்குக் கட்டையையும் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி, இந்த ஆண்டின் பெரிய வேலை. ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் ஒருவரோடு ஒருவர் பேச வைத்திருக்கும் கையடக்கக் கருவியான கம்யூனிகேட்டரை நம் கையால் செய்வது என்று ஜூன் மாதப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம். அன்று பதினான்கு பேர் கை தூக்கினீர்கள். பிறகு 'விளையாட்டுச் சாமானுக்கு எதற்குச் சங்கப் பணம்' என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதற்கு இந்த அறிக்கையிலேயே பதில் சொல்லிவிடுவது நல்லது.

எண்பதுகளில் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் அந்தத் தொடர் வந்தபோது, நம்மில் பாதிப் பேர் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அமெரிக்காவில் அது 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி மூன்று ஆண்டுகளில் 79 பகுதிகள் வந்தது. விண்கலத் தலைவரான கேப்டன் கிர்க் இடுப்பிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மணிக்கட்டை ஒரு உதறு உதறுவார். பித்தளை வலைமூடி படக்கென்று திறந்துகொள்ளும். வீட்டில் லேண்ட்லைன் போனுக்கே பல வருஷம் காத்திருந்த காலம் அது. அந்தப் பெட்டி என்னை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதைச் செய்தவர் வா சாங். 1917இல் ஹோனலூலுவில் பிறந்த சீன வம்சாவளிக் கலைஞர். டிஸ்னியில் வேலை பார்த்தபோது, ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக பாம்பி படத்து மான்களை மூட்டுகள் அசையும் மரப்பொம்மைகளாகச் செய்து கொடுத்தார். இளம் வயதிலேயே போலியோ தாக்கி, அதன் பிறகு காலில் கம்பிப் பட்டை கட்டித்தான் நடந்தார். ஸ்டார் ட்ரெக்குக்கு கம்யூனிகேட்டர், தோளில் மாட்டும் ஆய்வுக் கருவியான ட்ரைகார்டர் இரண்டும் அவர் கைவேலை. ஸ்டூடியோவின் தொழிற்சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை என்பதால் ஆட்சேபம் வந்தது. அதனால் கடையில் பொருள் வாங்குவதுபோல அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். தொடரின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் வரவே இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இது விளையாட்டுச் சாமானாகத் தெரியவில்லை.

அவர் செய்த விதமும் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது. அதில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. மேல் ஓடு, சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி இழுத்த பிளாஸ்டிக். மூடி, துளையிட்ட பித்தளைத் தகடு. நடுவில் அலை ஓடுவதுபோல் தெரியும் வட்டத்தைச் சுற்றியது சாவி கொடுக்கும் ஸ்டாப் வாட்ச். கிட்டத்தில் காட்ட வேண்டியவற்றில் மட்டும்தான் இந்த ஏற்பாடு. இடுப்பில் செருகிக்கொள்ள வெற்று மாதிரிகளே போதும் என்று விட்டுவிட்டார்.

ஓட்டுக்கு அவர் பயன்படுத்தியது கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தாள். அதில் பிவிசி கலந்திருக்கிறது. சூடு மீறினால் வரும் புகை நல்லதல்ல என்பதால் நாம் இரண்டு மில்லிமீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தாளுக்குப் போனோம். என் வீட்டு மொட்டை மாடியில் மரச்சட்டத்தில் மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பி கட்டி ஒரு ஹீட்டர் செய்தேன். கீழே துளை போட்ட பலகைப் பெட்டி, அதன் பக்கத்தில் வீட்டு வாக்குவம் கிளீனர் குழாய். ஏபிஎஸ் 105 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். ஆனால் அந்தச் சூட்டில் அச்சில் படியாது, இன்னும் ஏற்ற வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் கண்தான் உதவியது. தாள் முதலில் நெளியும், அப்புறம் தானாகவே இறுகி நேராகும். அதன் பிறகு நடுப்பகுதி தொட்டில் துணிபோல் தொங்க ஆரம்பிக்கும். அப்போது அச்சின்மேல் இறக்கினால்தான் சரி.

முதல் அச்சை ப்ளைவுட்டில் செய்தது என் தவறு. நான்காவது தாளிலேயே ஓரம் பிரிந்துவிட்டது. ஒரு கடையில் வாங்கிய தாள் ஏபிஎஸ்ஸே இல்லை. சூடு பட்டதும் ஓட்டை ஓட்டையாக விட்டது, அதில் ஒரு மாதம் போயிற்று. அப்புறம்தான் மறைந்த நம் மூத்த உறுப்பினரின் தேக்குக் கட்டையை எடுத்தேன். அவருடைய உளியாலேயே செதுக்கி, பக்கங்களுக்கு மூன்று டிகிரி சாய்வு கொடுத்தேன். நேர்ச்சுவராக விட்டால் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நான்கு மூலையிலும் தாள் புடவை மடிப்புபோல் ஒட்டிக்கொண்டு வந்தது அடுத்த தொல்லை. அச்சை ஒரு அங்குலம் உயர்த்தி வைத்து, சுற்றிலும் இடம் விட்டதும் அது நின்றது. மொத்தம் பதினொரு தாள். பதினொன்றாவதுதான் இன்று மேசையில் இருக்கும் ஓடு.

'த்ரீடி பிரிண்டரில் ஒரு ராத்திரியில் எடுத்துவிடலாமே' என்று கேட்டார்கள். எனக்கு அதில் விரோதம் இல்லை. உறுப்பினர் ஒருவர் அப்படி ஒன்று எடுத்துவந்தார், அதையும் மேசையில் வைத்திருக்கிறேன். அடுக்கடுக்காகத் தெரியும் வரி மறைய அவர் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பட்டி பார்த்துப் பத்து நாள் உழைத்தார். இரண்டையும் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். இழுத்த பிளாஸ்டிக்குக்கு ஒரு வழவழப்பான வளைவு தானாக வருகிறது. படத்தில் பார்த்த பெட்டிக்கும் அந்த வளைவுதான். அது வேண்டுமென்றால் அந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

மூடிக்குப் பித்தளைத் தகடு பாரிமுனையில் சல்லடை விற்கும் கடையில் கிடைத்தது. அதை மட்டும் வெட்டிக் கீலில் மாட்டியபோது உதறினால் திறக்கவில்லை, எடை போதவில்லை. சுற்றிலும் ஒரு பித்தளைச் சட்டம் வேண்டியிருந்தது. நம் சால்டரிங் அயர்னுக்கு அது அடங்கவில்லை. தெருமுனை ஆசாரி ஒருவர் வெங்காரம் தடவிப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி, ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இப்போது ஒரு உதறில் திறக்கிறது.

ஸ்டாப் வாட்ச்தான் இந்த வேலையின் உயிர். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று பிடித்து லேசாக நகர்த்தினால் அலை அலையாக ஓடுமே, அதே சங்கதிதான் இந்த வட்டத்திலும். மெல்லிய கோடுகள் போட்ட ஒரு வட்டம் அசையாமல் இருக்கும். அதன் கீழ் இன்னொன்று மெதுவாகச் சுழலும். கோடுகள் கொஞ்சம் விலகினாலே அலை பெரிதாக ஓடும், அதனால் வேகமே தேவையில்லை. விளையாட்டு ஆசிரியர்கள் கழுத்தில் மாட்டியிருந்த பழைய வாட்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு, பாரிமுனையில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் கடிகார பாய் ஒருவரிடம் போனேன். நான் செய்திருந்த அக்ரிலிக் வட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இந்த வெயிட்ட இது இழுக்காது சார். முள்ளு எவ்வளவு இருக்குது, உங்க தட்டு எவ்வளவு இருக்குது, பாருங்க."

"எவ்வளவு இருக்கலாம் பாய்?"

அவர் பதில் சொல்லாமல் மேசையிலிருந்த ஒரு சிகரெட் பெட்டியின் மேலுறை பிளாஸ்டிக்கைக் காட்டினார். பழைய ஓஹெச்பி ஷீட்டில், அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில், கோடுகளை அச்செடுத்து மறுநாள் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, முள்ளைக் கழற்றி, அது நின்ற தண்டின் நுனியில் குண்டூசியால் ஒரு பொட்டுப் பசை வைத்தார். வட்டை இறக்கிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். நானும் மூச்சு விடவில்லை. பொத்தானை அழுத்தினார். டிக் டிக்கென்று வட்டு சுற்றியது, மேல் வட்டத்தை வைத்ததும் அலை ஓடியது. "இதுல என்ன தெரியும் சார்?" என்றார். "ஒண்ணும் தெரியாது பாய், சும்மா ஓடும்" என்றேன். அவர் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

இவ்வளவு வேலையும் எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. கை தூக்கிய பதினான்கு பேரில் மொட்டை மாடிக்குத் தவறாமல் வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தலா ஒரு முறை வந்தார்கள். மற்றவர்கள் வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டினார்கள். குடும்பம், வேலை, உடல்நிலை எல்லோருக்கும் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பதாவது தாள் சுருங்கிய அன்று ஹீட்டரைப் பிடிக்க ஒருவர், பெட்டியைப் பிடிக்க ஒருவர் என்று இன்னும் இரண்டு கை இருந்திருந்தால் அந்தத் தாள் வீணாகியிருக்காது. வர முடியாதவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் மனதை வருத்துகிறது.

வரவு செலவை பொருளாளர் விரிவாக வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், இந்த ஆண்டு கடன் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி மிச்சமும் இல்லை. கம்யூனிகேட்டருக்கு ஒதுக்கிய தொகைக்குள்தான் சங்கக் கணக்கில் செலவு எழுதியிருக்கிறது. அதற்கு மேல் ஆனது என் சொந்தப் பொறுப்பு, அதை நான் கேட்கப்போவதில்லை. சின்னக் கடைகளில் வாங்கிய சில பொருளுக்கு பில் இல்லை. நான் கையெழுத்திட்ட வவுச்சர் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொத்தம் 41 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், அதாவது மாதம் ஐம்பது. இதில் 17 பேரின் சந்தா இன்னும் வரவில்லை. ஆறு பேருக்கு இது இரண்டாவது வருடம். பெயர்களைப் படிக்க வேண்டும் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். நம் அறைக்கு வரும் ஜூலை முதல் வாடகை கூடுகிறது. கடைசல் இயந்திரத்தையும் துளை போடும் இயந்திரத்தையும் வேறு எங்கும் கொண்டுபோய் வைக்க முடியாது. பாக்கி முழுவதும் வந்தால் இரண்டு மாத வாடகை தேறும். அவ்வளவுதான் விஷயம்.

தலைவர், பொருளாளர், அறைச் சாவியை வைத்திருந்து காலையில் திறந்துவிடும் உறுப்பினர், கணக்குத் தணிக்கை செய்து கொடுத்தவர், கூட்டங்களுக்கு டீ ஏற்பாடு செய்தவர் அனைவருக்கும் நன்றி. மொட்டை மாடிக்கு வந்த மூவருக்கும் தனியாக நன்றி. பிளாஸ்டிக் நாற்றத்தையும் மூன்று முறை விழுந்த ஃபியூஸையும் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ட்ரைகார்டர் செய்யலாம் என்பது என் எண்ணம். அதற்குத் தோல் வார் வேண்டும், தைக்கத் தெரிந்தவர் வேண்டும், அலுமினியம் தேய்க்க ஆள் வேண்டும். கம்யூனிகேட்டரைவிட நான்கு மடங்கு வேலை. அதை ஒரு வீட்டு மாடியில் நான்கு பேரால் முடிக்க முடியாது. நான் இந்தப் பொறுப்பில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டேன். புதியவர் யாராவது முன்வந்தால் ஏடுகளையும் சாவியையும் சந்தோஷமாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் இன்னொரு ஆண்டு பார்க்க எனக்குத் தடை இல்லை. ஆனால் அப்போது கை தூக்குகிறவர்கள் வர வேண்டும்.

தேக்கில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜூன் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன் அச்சுக்கட்டை வேலையைத் தொடங்குகிறேன். சந்தாவை அங்கேயும் கொடுக்கலாம், ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்