செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: நம்மைப் பற்றிய கணக்கை நாமே படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சேலம் அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம் பகுதிகளிலிருந்தும் ஏற்காடு மலையிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மாதர் அமைப்பின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். தையல் வகுப்பு இடமில்லாமல் ஆடி மாதத்தோடு நின்றுவிட்டது. புதிய செயற்குழு முதல் வேலையாக அதைக் கவனிக்க வேண்டும்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவுதான் இந்த ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. பெண்களின் உடல்நலம், வாழ்க்கை நிலை பற்றி அரசு சேர்த்து வைத்திருக்கும் கணக்குகளை நாமே உட்கார்ந்து படிப்பது என்று தீர்மானித்தோம். நம் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போகிறார்கள். எத்தனை பிரசவம், எத்தனை குழந்தை தங்கியது, புருஷன் அடிப்பாரா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதன் முடிவு மட்டும் நம் தெருவுக்குத் திரும்பி வருவதில்லை. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஆங்கிலத் தாள்களைத் தமிழில் சொல்ல, நாம் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

முதலில் எடுத்தது தேசிய குடும்பநல ஆய்வு. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1992–93இல் இதைத் தொடங்கியது. ஐந்தாவது சுற்று 2019–21இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அந்த அறிக்கை. இதைப் படித்த அன்று கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகுதான் கேள்விகள் வந்தன. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் அளவு சற்று முன்பின் காட்டும் என்பதால், நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் தனி ஆய்வை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது. அதன் எண் வேறாக வந்தாலும் வரலாம். அதற்காக, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் நம் சகோதரி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரத்தப் பரிசோதனை இலவசம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஒட்டாது என்பதையும், எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல என்பதையும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறோம். மாத்திரை தின்றும் தேறாதவர்கள் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு மனசு வலிக்கும் கணக்கு ஒன்று உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 851 பெண்தான் நம் மாவட்டத்தில் இருந்தார்கள். 2011இல் அது 916 ஆனது. இந்த ஏற்றத்தின் பின்னால் சட்டம் இருக்கிறது. ஊர் ஊராக அலைந்த செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், மாதர் அமைப்புகள் இருக்கிறார்கள். ஆனால் 851ஐ வெறும் எண்ணாகப் படிக்க நம்மில் மூத்தவர்களால் முடியவில்லை. அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்கள் அவர்கள்.

இதே விஷயத்தில் ஒரு குழப்பமும் வந்தது. குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் தமிழ்நாட்டின் பிறப்புப் பாலின விகிதம், அதாவது ஆயிரம் ஆண் குழந்தைக்குப் பிறக்கும் பெண் குழந்தைகள், 954. ஐந்தாம் சுற்றில் 878. கேட்டவுடன் பதறிப்போனோம். பிறகு அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்தோம். தேர்ந்தெடுத்த வீடுகளில் மட்டும், முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை வைத்துப் போடும் கணக்கு அது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் விகிதம் மேலும் கீழுமாக ஆடும். பிறப்புப் பதிவேடு அப்படியல்ல, பதிவாகும் ஒவ்வொரு பிறப்பையும் எண்ணுகிறது. நம் மாநிலத்தில் கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்ணைப் பிக்மி நம்பர் என்று சொல்கிறோமே, அந்த 12 இலக்க எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ். எனவே ஊர்வாரியாகப் பெண் குழந்தை குறைகிறதா என்று கண்காணிக்கப் பதிவேடுதான் நம்பகமான இடம். 878 என்ற எண்ணைத் தள்ளிவிடவும் நான் சொல்லமாட்டேன். அதை எச்சரிக்கையாக வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

சிசேரியன் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவம் ஆபரேஷன்தான். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும்.

குடும்ப வன்முறைக் கணக்கைப் படித்த கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு என்றாவது ஆளானதாக இதே ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏட்டில் இவ்வளவு இருக்காது. காரணம், அங்கே காவல் நிலையம் வரை போன வழக்குதான் ஏறும். குடும்பநல ஆய்வில் ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேட்கிறார்கள். மாமியாரோ கணவரோ வந்துவிட்டால் அந்தக் கேள்வியை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. புகார் குறைந்தால் வன்முறை குறைந்தது என்று இனி யாராவது மேடையில் பேசினால், இந்த வேறுபாட்டை எழுந்து சொல்லும் தைரியம் நம் உறுப்பினர்களுக்கு வந்திருக்கிறது. 181 என்ற உதவி எண்ணை அன்றே எல்லோர் செல்போனிலும் பதிந்து கொடுத்தோம்.

காபி பழம் பறிக்கும் நாட்களில் ஏற்காடு போய்வந்தோம். நாகலூர் பக்கம் மாலையில் எடை போட்டு முடித்து வந்த பெண்களோடு உட்கார்ந்து, குடும்பநல ஆய்வின் சேலம் மாவட்டத் தகவல் தாளை விரித்தோம். ஒரு சகோதரி முழுவதும் கேட்டுவிட்டு, "அக்கா, இதுல எங்க மலை எங்க இருக்குது?" என்றார். இல்லை என்பதுதான் பதில். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் 3.43 சதவீதம். ஆயிரம் வீட்டை எடுத்துக் கணக்குப் போட்டால் முப்பத்து நான்கு வீடு போல வரும். ஏற்காட்டில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் நிலைமை மாவட்டச் சராசரியில் கரைந்துபோகிறது. அந்தத் தாளிலேயே சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சில இடத்தில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக்குறி இருக்கும். ஐம்பது பேருக்கும் குறைவானவர்களைக் கேட்டு வந்த எண் என்றால் அடைப்புக்குறி. இருபத்தைந்துக்கும் குறைவு என்றால் நட்சத்திரக்குறி. அதைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் பேசுவது தவறு. மலைக்கென்று தனியே சொல்லும் கணக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களின் மாதாந்திரப் பதிவில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, பெயர் விவரம் இல்லாத மொத்த எண்களை மட்டும் கேட்டு விண்ணப்பிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கடைசியாக, வேலைக் கணக்கு. 2024 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இதைக் கேட்டு நம்மில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பொன்னம்மாப்பேட்டைச் சந்தில் ஒரு சகோதரியைப் பார்க்கப் போனோம். மடியில் தாம்பாளம், கையில் இடுக்கி. பேசிக்கொண்டே கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறார். கூலி எடைக்கணக்கில். கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து ஜன்னல் விளிம்பிலேயே இருக்கிறது. இரவு பத்து மணி வரை இந்த வேலை. என்ன தொழில் என்று கேட்டால் "வேலைக்கு எதுவும் போகலைங்க, வீட்ல இருக்கேன்" என்கிறார். கணக்கெடுப்பவர் அதையே எழுதிக்கொண்டு போனால், சேலத்துக் கொலுசில் அவருடைய கை இருப்பதே அரசுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கும் முதுகுக்கும் திட்டம் வராது.

பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடக்காமல் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 என்ற தேதியை அடிப்படையாக வைத்து வருகிறது. வீட்டிலேயே கூலிக்குச் செய்யும் வேலையும் வேலைதான். கொலுசு, நெசவு, தறிக்கு நூல் சுற்றுதல், எதுவானாலும் சொல்ல வேண்டும். வருடத்தில் எத்தனை மாதம் செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கணவரோ மகனோ பதில் சொல்லும்போது பெண்களும் பக்கத்தில் நின்று தங்கள் வேலையைத் தாங்களே எழுதச் சொல்ல வேண்டும். இதற்காக அடுத்த ஆறு மாதம் தெருத் தெருவாகக் கூட்டம் நடத்தவும், ஏற்காட்டில் மலையாளிச் சகோதரிகளே அந்தக் கூட்டங்களை நடத்தவும், மாவட்டத் தகவல் தாளைத் தமிழில் அச்சடித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கவும் தீர்மானங்கள் வைத்திருக்கிறோம்.

அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்