அந்தப் பெண்ணின் பெயர் ராபின் வெட்னஸ்பரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதை பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் தொடரில், ஆல்ஃபிரெட் பெஸ்டரின் ‘தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்’ (1956) பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். நாயகன் கலி ஃபாய்ல் ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவதை, அவன் மிருக நிலையிலிருந்து மனிதனாகும் பாதையில் ஒரு கட்டம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். அவள் யார், அப்புறம் என்ன ஆனாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அத்தனை பக்கத்தில் அவள் பெயருக்குக்கூட இடமில்லாமல் போனது என்னை மிகவும் வருத்தியது.

ராபின் ஒரு ஆசிரியை, கறுப்பினப் பெண். தன் எண்ணங்கள் தன்னை மீறி மற்றவர்கள் மனதில் கேட்டுவிடும் என்ற குறையோடு வாழ்பவள். போரில் எதிர்த்தரப்பில் சிக்கிக்கொண்ட தாயையும் சகோதரிகளையும் காட்டி மிரட்டித்தான் ஃபாய்ல் அவள் வாயை அடைக்கிறான். நினைத்தாலே பிறருக்குக் கேட்டுவிடும் என்றிருக்கிற ஒருத்தி, நடந்ததை மனதுக்குள் எப்படி வைத்துக்கொண்டாள்? மறுநாள் எப்படி நாலு பேர் நடுவே போய் நின்றாள்? பெஸ்டர் அங்கே நிற்கவே இல்லை. பின்பாதியில் அவளையே ஃபாய்லுக்கு உதவியாளராக்கி, பணக்காரர்கள் நடுவே எப்படிப் பழகுவது என்று சொல்லித்தர வைக்கிறார். அது 1956-இல் எழுதிய நாவல், சரி. உங்கள் கட்டுரை இந்த வருடம் எழுதியதுதானே?

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த நாவல்களையெல்லாம் இரவுப் பணியில்தான் படித்தேன். அதே வார்டுக்குத்தான் போலீஸ் மெமோவோடு பெண்களை அழைத்து வருவார்கள். டாக்டர் கேட்டதையே போலீஸ் கேட்கும், அதையே மாஜிஸ்திரேட்டும் கேட்பார். ஒருமுறை கட்டிலைச் சுற்றித் திரையைக்கூட இழுக்காமல் ஒரு பெண்ணை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். போய்த் திரையை இழுத்துவிட்டதற்கு எனக்குத் திட்டு விழுந்தது. காயம் ஆறியதும் டிஸ்சார்ஜ் செய்துவிடுவோம். அவர்களில் சிலர் பல மாதம் கழித்துத் தலைவலி, வயிற்றுவலி, தூக்கமே வருவதில்லை என்று ஓ.பி. வரிசையில் வந்து நிற்பார்கள். சீட்டில் தலைவலி என்று மட்டும்தான் எழுதியிருக்கும்.

மேரி டோரியா ரஸ்ஸலின் ‘தி ஸ்பாரோ’ (1996) அதனால்தான் எனக்கு அவ்வளவு உண்மையாகப் பட்டது. வேற்றுக் கிரகத்திலிருந்து கைகள் சிதைந்த நிலையில் தனியாளாகத் திரும்பிவரும் பாதிரியார் எமிலியோ சாண்டோஸ், விருப்பப்பட்டுத்தான் விபச்சார விடுதியில் இருந்தார் என்று பூமியில் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறார்கள். அவருடைய சபையே விசாரணை நடத்துகிறது. தலைவலி வருகிறது, வாந்தி எடுக்கிறார், கெட்ட கனவில் அலறுகிறார். எட்வர்டு பெர் என்ற சகோதரர் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். செவிலியர் வேலை தெரிந்த எவருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும். உங்கள் தொடரின் முந்தைய பகுதியில் அதைக் கடைசிவரை மர்மத்தைக் காப்பாற்றிய நாவல் என்று பாராட்டியிருந்தீர்கள். ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிப்பதை மர்மம் என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்கரெட் அட்வுட் 1985-இலேயே இதை எழுதிவிட்டார் என்பது நீங்கள் அறியாததல்ல. ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் கடைசியில், 2195-இல் ஒரு கருத்தரங்கு நடக்கிறது. பிள்ளை பெற்றுத்தருவதற்காக ஒரு கொடுங்கோல் அரசு தளபதி ஒருவரிடம் ஒப்படைத்த பெண்ணின் கதை அது. அவள் பட்ட பாட்டையெல்லாம் அவள் வாயாலேயே நாம் கேட்டு முடித்திருக்கிறோம். கருத்தரங்கில் அவள் கதையைப் பற்றிப் பேசும் பேராசிரியரோ அவளை வைத்திருந்த தளபதி யார் என்று கண்டுபிடிப்பதில் மும்முரமாக இருக்கிறார். நகைச்சுவையாகப் பேசுகிறார், அரங்கம் சிரிக்கிறது. அவள் அந்த அரசின் உள்விவகாரங்களை இன்னும் கொஞ்சம் பதிவு செய்திருக்கலாமே என்று குறைப்படுகிறார். உங்கள் கட்டுரையாளர் ஃபாய்லைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் கருத்தரங்கு நினைவு வந்தது. கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

இதற்குமுன் நீங்கள் அறிவியல் புனைகதைச் சிறப்பிதழ் போட்டபோதும் எழுதினேன். அதில் ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றிக்கூடக் கட்டுரை இல்லை. ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) விடுபட்டது ஏன் என்று கேட்டிருந்தேன். அடிமை முறை நடந்த காலத்துக்கு இழுத்துச் செல்லப்படும் டேனா, அங்கிருந்து கடைசியாகத் திரும்பும்போது ஒரு கையை இழக்கிறாள். நடந்ததைக் கடந்து முழுசாக வெளியே வந்துவிட முடியாது என்பதை உடம்பிலேயே எழுதிக்காட்டிய நாவல் அது. அந்தக் கடிதத்தில் அட்டைப்படத்தைப் பாராட்டிய இரண்டு வரிகள் மட்டும் அச்சாகின. நீண்டகாலச் சந்தாதாரர் என்ற முறையில் அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து உர்சுலா லெ குவினின் ‘தி டிஸ்போசஸ்ட்’ (1974) வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் அவர். அந்த நாவலில் நாயகன் ஷெவெக் குடித்துவிட்டு, வேயா என்ற பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவளை விடாமல் நடந்துகொள்ளும் இடம் இருக்கிறது. அதன்பின் அவனுடைய வெட்கமும் மனமாற்றமும் பக்கம் பக்கமாக வருகின்றன. வேயா மறுபடி நேரில் வருவதே இல்லை. கட்டுரையில் வேயாவுக்காக ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள், அது போதும். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம், அந்த இடத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்