சாவிப் பலகை

வேலூர்
ஞாயிறு, இரவு பத்தரை

டேய் தனா,

எட்டு மாதமாக ஒரு வரி போடாதவன் திடீரென்று கனமான உறை அனுப்பியிருக்கிறானே, கடன் கேட்கப் போகிறானோ என்று பயந்துவிடாதே. கேட்கப் போவது கடன் இல்லை, வேறு ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஃபோனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்குவாய், உன் மருமகளில் ஆரம்பித்துப் பேரன் வரை எல்லோரும் கேட்பார்கள். இது அப்படிக் கேட்கிற சமாச்சாரம் இல்லை.

முதலில் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, குரல் இறங்கவில்லை. எனக்கு இடது முழங்கால். சின்னவன் ஓசூரிலேயே இருக்கிறான். கோழி வாத்தியார் போய்ச் சேர்ந்தார், வயது 91. எடுக்கும்போது நம் செட்டில் நாலு பேர் இருந்தோம். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த முட்டை விஷயம் ஞாபகம் வந்து, சாவு வீட்டில் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணி கேட்ட முள்ளு கத்திரிக்காய் இப்போது சந்தைக்கு வருகிறது, அசல் இலவம்பாடிக் காய். அந்தப் பக்கம் யாராவது கிளம்பினால் கொடுத்தனுப்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரிடையர் ஆனபிறகு மச்சானுடைய லாட்ஜில் கவுண்டரில் உட்காருகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா. காந்தி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்து, மொத்தம் பதினெட்டு ரூம். நாம் சைக்கிள் ஓட்டிய தெரு இல்லை இப்போது அது. கடை போர்டெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கிறது. கல்கத்தா, அஸ்ஸாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று வைத்தியத்துக்காக வருகிற குடும்பங்கள் பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தங்கும். ரூமிலேயே அடுப்பு வைத்துக்கொள்வார்கள், மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை. 'கொதோ தின் தாக்பேன்' (எத்தனை நாள் தங்குவீர்கள்) வரைக்கும் நானே பேசுகிறேன். பதில் வந்தால்தான் முழிப்பேன்.

கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு ஒரு திமிர் வரும் தனா. ஆளைப் பார்த்ததும் எடை போடுகிற திமிர். இவன் பேரம் பேசுவான், இவள் பக்கெட்டை உடைப்பாள், இவர் ராத்திரியில் சத்தம் போடுவார் என்று மனசுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கு முகம்கூட வேண்டாம், காலைப் பார்த்தால் போதும் என்று மச்சானிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். சட்டையைக் கடன் வாங்கிப் போட்டு வரலாம், செருப்பை யார் கடன் வாங்குகிறார்கள்? பாதி நேரம் என் கணக்கு சரியாகவும் இருந்தது. மீதிப் பாதியை நான் எண்ணியதே இல்லை. எப்படி எண்ணுவது? திருப்பி அனுப்பப்பட்டவன் நல்லவனா கெட்டவனா என்று எனக்குச் சொல்ல, அவன்தான் போய்விட்டானே.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். நம்மைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், வலது கை பாக்கெட்டுக்குள். தமிழ் பேசுகிற ஆள் எங்கள் லாட்ஜுக்கு வருவதே அபூர்வம். சம்சாரத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார், சில நாளைக்கு ஒரு சின்ன ரூம் போதும் என்றார். நான் வழக்கம்போல் கீழே பார்த்தேன்.

கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோய் வந்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது. தடித்த அடி, அகலமான இரண்டு பட்டை, பின்னால் குதிகால் பட்டை. உங்கப்பா செருப்பு, தனா.

ஊரில் வேறு யாராயிருந்தாலும் அதைக் கால்வலிச் செருப்பு என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். பாக்கெட்டுக்குள் இருக்கிற கை எப்படி இருக்கும் என்றும் தெரியும். நிமிர்ந்தேன். புருவம் இரண்டும் வயதுக்குப் பொருந்தாத அடர்த்தி, முடி மேல்நோக்கி நீண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். 'ரூம் இல்லீங்க' என்றேன். யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

ரூம் பாய், அஸ்ஸாம் பையன், இப்போதுதான் தமிழ் பழகுகிறான். எனக்கு உதவி செய்கிற நினைப்பில், 'சார், 204 காலி' என்றான்.

பெரியவர் என் தலைக்கு மேலே பார்த்தார். பின்னால் சாவிப் பலகை. ஆணிக்கு ஆணி சாவி தொங்குகிறது. அவர் கோபப்படவில்லை, சத்தமும் போடவில்லை. கணக்கு வாத்தியார் பிழை திருத்துகிற மாதிரிதான் சொன்னார்: 'பலகையத் திருப்பி மாட்டிட்டு அப்புறம் சொல்லணும் சார்.'

போய்விட்டார்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். அடுத்த பக்கத்தில் அவர் ரிடையர்டு கலெக்டர், இல்லாவிட்டால் பத்து லாட்ஜுக்குச் சொந்தக்காரர் என்று எழுதப் போகிறேன் என்று காத்திருப்பாய். இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தானே வரும்? கந்தல் சட்டைக்காரன் கடைசியில் மிராசுதாராக இருப்பான், நாமும் 'ஐயோ தெரியாமல் போச்சே' என்போம். தெரிந்திருந்தால் மரியாதை கொடுத்திருப்போம் என்றுதானே அதற்கு அர்த்தம்? இவர் ஒன்றும் இல்லை. குடியாத்தம் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வருஷம் லுங்கித் தறி ஓட்டியவர். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி எனக்கு உங்கப்பா ஞாபகம்தான். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறையில் அவர் எம்.சி.ஆர். ஷீட்டை வெட்டுவதை நாம் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்போமே. காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, புண் இருக்கிற இடத்தில் அழுத்தம் விழாதபடி அவர் குறி போடுகிற நிதானம். அந்த ரப்பர் எதற்கு என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இந்த வியாதி விரலைத் தின்னுவதில்லை, நரம்பைக் கொல்கிறது. உணர்ச்சி போன காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது, புண்ணோடு நடப்பான், அப்படித்தான் கால் போகும். ராத்திரியில் எலி கடித்துக்கூட எழுந்திருக்காத நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பால் பிராண்டு டாக்டர் ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பிய கதையைச் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்தாரே. 1946-ல் அந்த வெள்ளைக்கார டாக்டர் வேலூருக்கு வந்து, மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை மாற்றித் தைத்து நிமிர்த்தியதை, ஏதோ தன் பெரியப்பா செய்தது மாதிரி சொல்வார். கரிகிரி ஆஸ்பத்திரி வந்தது 1955-ல், அதையும் தன் கல்யாணத் தேதி மாதிரிதான் சொல்வார்.

புருவக் கதையும் அவர் சொன்னதுதான். விரல் நிமிர்ந்த பிறகும் புருவம் இல்லாதவனை ஊர் சேர்க்கவில்லை, வேலை கொடுக்கவில்லை. அதனால் தலைத் தோலை ரத்தக்குழாயோடு இறக்கிப் புருவமாக வைத்துத் தைத்தார்கள். தலைமுடி இல்லையா, வளர்ந்துகொண்டே இருக்கும். சில பேர் சந்தோஷத்தில் வெட்டாமல் கண்ணுக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தார்கள் என்பாரே. நீ அதை வகுப்பில் நடித்துக் காட்டி வாங்கிய அடி மறந்துவிட்டதா?

என்னை உறுத்துவது இதுதான். அவர் கடைசிவரை ஒன்றுக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: 'செருப்பு நல்லாத்தான் இருக்குது, ஆனா ஊர்ச் செருப்பு மாதிரி இல்ல. இதப் போட்டுக்கினு போனா நெத்தியில எழுதி ஒட்டுன மாதிரி இருக்குதுன்னு பாதி பேரு வீட்டுலயே கழட்டி வெச்சுட்டுப் போறான், புண்ணோட வர்றான்.' பட்டையை மெலிதாக்கினார், பழுப்புத் தோல் வைத்தார், கடைச் செருப்பு மாதிரி வளைவு கொடுத்துப் பார்த்தார். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்றுதான் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பட்டை வெட்டினார். அவரிடம் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் நான் அடையாளம் கண்டுபிடித்தேன்.

உங்கம்மா அவரைப் பின்கட்டில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரச் சொல்வார்கள். உன் அக்கா கல்யாணத்தில் அப்பாவுக்கு ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அந்தப் பொய்யைச் சம்பந்தி வீட்டில் சொன்னதே நான்தான், எனக்குப் பதினாறு வயது. ஆக, இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

இதில் இன்னொரு கூத்தைக் கவனித்தாயா? அந்த மடங்கிய கையும் புருவமும் எப்போதோ முடிந்துபோன வியாதியின் தழும்பு. அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஒட்டாது. ஒட்டுகிற நிலையில் இருக்கிறவன், மாத்திரையே சாப்பிடாதவன், தோல் மினுமினுவென்று ஆரோக்கியமாகக்கூட இருப்பான். நானே '203, முதல் மாடிக்கு மேல, லிஃப்ட் இல்ல சார்' என்று சிரித்துக்கொண்டே சாவி கொடுப்பேன். இப்போது ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நோயாளிகளை ஒதுக்கிவைக்க 1898-ல் போட்ட அந்தப் பழைய சட்டத்தை 2016-ல் ரத்து செய்தார்கள். இந்த வியாதியைக் காட்டி விவாகரத்து கேட்க முடியாது என்று 2019-ல் திருத்தினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? எனக்குத் தெரிந்தது எதுவும் அன்றைக்குக் கவுண்டருக்கு வரவில்லை, செருப்பு மட்டும்தான் வந்தது.

புதன்கிழமை விடிகாலையில் தூக்கம் வராமல் கோட்டைப் பக்கம் போனேன். நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரன் சொல்வானே, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. (அதில் இன்னும் ஒரு அயிட்டம் உண்டு, அதைச் சொல்லி நீ பஸ் ஸ்டாண்டில் வாங்கினாயே, அதை எழுத மாட்டேன், அண்ணி படிப்பார்கள்.) அந்தக் கோயிலில் 1981-ல் சாமி வந்துவிட்டது, பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளமே போனது. இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். நம்மை அப்படிச் சொன்னால் மட்டும் எவ்வளவு கோபம் வந்தது நமக்கு!

மக்கான் பக்கத்துச் சிப்பாய் நினைவுத் தூணைத் தாண்டும்போது இன்னொன்று தோன்றியது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தலைப்பாகையை மாற்று என்று சொன்னதற்குத்தானே 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் எழுந்தார்கள். என் தோற்றத்தை விடமாட்டேன் என்று துப்பாக்கி தூக்கிய ஊர் இது. அதே ஊரில் ஒரு மனுஷன், எல்லோரையும் போலத் தெரிந்தால் போதும் என்று கையைப் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

திரும்பி வரும்போது சந்து முனை டீக்கடையில் அவரே நின்றுகொண்டிருந்தார். நேரே போய், 'நேத்து நான் பண்ணது தப்பு, ரூம் இருக்குது, வாங்க' என்றேன். இரண்டு கட்டடம் தள்ளி வேறு இடம் கிடைத்துவிட்டதாம், எங்களைவிட ஐம்பது ரூபாய் கம்மியாம். 'கட்டிலும் நல்லாயிருக்குது' என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஒருபக்கம் சிரிப்பும் வந்தது. அப்புறம் அவரே கேட்டார்: 'எதுல தெரிஞ்சுது? கையத்தான் வெளிய எடுக்கலையே.'

'செருப்பு' என்றேன்.

குனிந்து அதைப் பார்த்தார். 'இதுவா? இது சாதா செருப்பு மாதிரிதான இருக்குதுன்னு நெனச்சேன்.'

டீ சொன்னேன். எனக்குக் கண்ணாடி கிளாஸில் வந்தது. அவருக்கு மாஸ்டர் கிளாஸை எடுப்பதற்குள், 'எனக்குப் பேப்பர் கப்பு' என்று அவரே சொல்லிவிட்டார். வருஷக்கணக்கான பழக்கம், வாயிலிருந்து தானாக வருகிறது. அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது தனா. நல்லவேளை, பேப்பர் கப் என்று. மன்னிப்புக் கேட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். லாட்ஜ் கதையை உன் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், திட்டினாள். இதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது நான் கேட்க வந்தது. அவருடைய இடது செருப்பில் குதிகால் பட்டை தையல் விட்டுத் தொங்குகிறது. கடைவீதியில் காட்டினாராம், இந்த மாடல் தைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சம்சாரத்துக்கு வியாழக்கிழமைதான் டிஸ்சார்ஜ், ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் நடையாய் நடக்கிறார். கரிகிரிக்கு நானே எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு அதுவரை எதைப் போட்டுக்கொண்டு நடப்பார்? உங்கப்பா சாமான் பெட்டியில் முடிந்த ஜோடிகள் நாலைந்து இருந்தனவே, சேண்பாக்கம் வீட்டுப் பரணில். அவர் கால் ஏழாம் நம்பர் இருக்கும். வீட்டுச் சாவி உன் சித்தப்பா பையனிடம்தானே? இந்தக் கடிதம் கைக்கு வர எத்தனை நாள் ஆகுமோ, அதனால் போட்டோ எடுத்து வாட்ஸப்பிலும் அனுப்புகிறேன். பார்த்ததும் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் நாளைக்கே போய் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பேரனுக்குத் தமிழ் எழுத்து எதுவரை வந்திருக்கிறது?

உன்
மாணிக்கம்

பி.கு. வாட்ஸப்பில் வந்ததை ஸ்பீக்கரில் போட்டுப் படிக்காதே.