அந்தப் படத்தை இனி அச்சிடாதீர்கள்

தமிழ் நாளிதழ், வார இதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழ் ஒன்றில் ‘கொடூரப் பெண்கள்’ பற்றிய கட்டுரையோடு அரைப் பக்கத்துக்கு அந்தப் பழைய படம். ஈராக்கில் அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்த அபு கிரைப் சிறையில் ஆடையில்லாமல் தரையில் கிடக்கும் மனிதர், அவர் கழுத்தில் ஒரு வார், அதன் மறுமுனை அமெரிக்கப் படைவீராங்கனை லிண்டி இங்கிலாந்தின் கையில். அந்தப் பெண்ணின் வயது, ஊர், 2005இல் கிடைத்த மூன்றாண்டுத் தண்டனை, பெற்ற பிள்ளை வரை எழுதியிருந்தார்கள். தரையில் கிடந்தவருக்கு இரண்டே சொல்: ‘ஈராக் கைதி’.

இடுப்பை மறைத்திருந்தார்கள். முகத்தை அப்படியே விட்டிருந்தார்கள்.

காவலர்கள் அவரை ‘கஸ்’ என்று கூப்பிட்டார்களாம். அவர்களாக வைத்த பட்டப்பெயர். தாய் தகப்பன் வைத்த பெயரை எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. அவருக்கு மகள் இருந்தால், இந்நேரம் அவளும் இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பாள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை எடுத்தவரும் ஒரு படைவீரர்தான், சார்லஸ் கிரேனர். கைதியைக் கேவலப்படுத்த எடுத்த படம் அது.

2004 ஏப்ரலில் அந்தப் படங்கள் வெளிவந்தே ஆக வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. கைதிகள் வாயால் சொன்னதை நம்ப ஆளில்லாத நேரம். இன்று யாரை நம்பவைக்க அச்சிடுகிறீர்கள்?

ஈராக்கில் பிடிபட்டவர்களில் 70 முதல் 90 விழுக்காட்டினர் தவறாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று ராணுவ உளவு அதிகாரிகளே சொன்னதாக, 2004 பிப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கம் பதிவு செய்தது. அதை எழுதுங்கள். 2008இல் தொடுத்த வழக்கில், அபு கிரைப்பில் வதைபட்ட மூன்று ஈராக்கியருக்கு 4.2 கோடி டாலர் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் அமெரிக்க நடுவர் குழு அந்த ராணுவத்துக்கு வேலை செய்த ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குத் தீர்ப்புச் சொன்னது. மூவரில் சலா அல்-எஜைலி அல் ஜசீராவில் வேலை பார்த்தவர், உங்கள் தொழில்காரர். நான் வாங்கும் இதழில் அவருக்கு ஒரு பத்தி கூட இல்லை.

இங்கேயும் இதே கதைதான். காவல் நிலையக் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லி, கையில் மாவுக்கட்டோடு ஒருவனை நிறுத்தினால், அந்தப் படத்தையும் சிரித்துக்கொண்டே போடுகிறீர்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. அவன் வீட்டிலும் பத்திரிகை வாங்குவார்கள்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். போர்க் கைதியை ஊரார் வேடிக்கை பார்க்க வைக்கக் கூடாது என்று 1949 ஜெனீவா உடன்படிக்கை ராணுவத்துக்குச் சொல்கிறது. நீங்களும் அதை மதியுங்கள். லிண்டி இங்கிலாந்தைப் பற்றி எழுதினால் அவர் முகத்தை மட்டும் போடுங்கள். நடந்ததை எழுத்தில் சொல்லுங்கள், எங்களுக்குப் புரியும். அந்த மனிதரின் படத்தை மட்டும் தயவுசெய்து இனி அச்சிடாதீர்கள்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகை வாங்கும் ஒரு வாசகி