ஸ்கோர் எழுத உட்காரவைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளைகளைக் கால்பந்தில் சேர்ப்பது பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எந்த வயதில் தொடங்கலாம், எப்படிப்பட்ட ஷூ வாங்கலாம், எல்லாம் சரி. ஊன்றுகோலோடு வரும் பிள்ளை, பார்வையற்ற பிள்ளை, காது கேளாத பிள்ளை, விசில் சத்தத்துக்கே மிரண்டுபோகும் பிள்ளை ஆகியோரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்த எனக்கு அது உறுத்தியது. மைதானத்திலும் இதேதான் நடக்கிறது. இந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "நீ ஸ்கோர் எழுது" என்று ஓரமாக உட்காரவைத்துவிடுகிறோம். கேட்டால் பாதுகாப்புக்காக என்போம்.

விதியை மாற்றினால் அது கால்பந்தே இல்லை என்பவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அளவில் சிறிய மூன்றாம் எண் பந்தைக் கொடுக்கிறோம், கோலைச் சிறிதாக்குகிறோம், எதிரணியின் கோலருகே முன்னாலேயே போய் நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியைப் பார்ப்பதில்லை. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. உள்ளரங்கில் ஆடும் ஃபுட்சால் என்ற கால்பந்தில் அணிக்கு ஐந்தே பேர், துள்ளல் குறைந்த பந்து. அதற்கு உலகக் கோப்பையே நடக்கிறது. ஆளுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி விதி மாறுவது இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. ஊன்றுகோல் உள்ளே வந்ததும் மட்டும் ஏன் நமக்கு விதிப்புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது?

பார்வையற்றோர் கால்பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணிக்கு ஐந்து பேர். கோல்கீப்பருக்குப் பார்வை உண்டு. மற்ற நால்வரும் கண்ணை மறைத்துக் கட்டிக்கொள்கிறார்கள், லேசாக வெளிச்சம் தெரிபவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பதற்காக. பந்துக்குள் கிலுகிலுப்பை போல் ஒலிக்கும் துண்டுகள் இருக்கும். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நீளமாகப் பலகைத் தடுப்பு. பந்து அதில் பட்டுத் திரும்பிவரும், அதையே பாஸாகப் பயன்படுத்துவார்கள். பந்தைப் பறிக்கப் போகிறவர் "வோய்" என்று குரல் கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல். எதிரணியின் கோலுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டி நின்று திசையும் தூரமும் சொல்லிக்கொண்டிருப்பார். பெனால்டி அடிக்கும் முன் அவர் இரண்டு கோல் கம்பங்களையும் மாறி மாறித் தட்டிக் காட்டுவார். அடிப்பவர் தலையைச் சாய்த்து அந்த இரண்டு ஓசைக்கும் நடுவில் இடத்தைக் கணித்துக்கொண்டு அடிக்கிறார். அதுவரை அரங்கமே மூச்சுவிடாமல் இருக்கும். கோல் விழுந்த பிறகுதான் ஆரவாரம். 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் இந்த ஆட்டம் சேர்ந்ததிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை பிரேசில்தான் தங்கம் வென்றது. 2024-இல் பாரிஸில், ஈஃபிள் கோபுரத்தின் அருகே அமைத்த மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவைப் பெனால்டியில் வீழ்த்தி பிரான்ஸ் தங்கம் வென்றது, பிரேசிலின் அந்த வெற்றித் தொடர் முறிந்தது. எந்தக் கால்பந்து ரசிகருக்கும் இது விறுவிறுப்பான செய்திதானே?

ஒரு காலை இழந்தவர்கள் ஆடும் ஆட்டத்தில் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒற்றைக் காலால் உதைக்கிறார்கள். வேண்டுமென்றே ஊன்றுகோலால் பந்தைத் தொட்டால் கைபட்ட குற்றம் மாதிரிதான். கோல்கீப்பர் ஒரு கையை இழந்தவராக இருப்பார். மோட்டார் சக்கர நாற்காலியில் ஆடும் கால்பந்தும் உண்டு. அணிக்கு நாலு பேர், உள்ளரங்கில், 33 செ.மீ. விட்டமுள்ள பெரிய பந்து. நாற்காலியின் முன்னால் பொருத்திய தடுப்புச் சட்டத்தால், நாற்காலியையே சட்டென்று சுழற்றிப் பந்தை அடிக்கிறார்கள். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. பந்துக்காக எதிரெதிர் அணியினர் இருவர் மோதும்போது அவர்களில் ஒருவரின் அணியைச் சேர்ந்த இன்னொருவர் 3 மீட்டருக்குள் வந்து நெருக்கக்கூடாது என்பது இந்த ஆட்டத்தின் முக்கிய விதி. இரண்டு நாற்காலிகள் சேர்ந்து மறித்தால் பந்து அங்கேயே முடங்கிவிடும், ஆட்டமே நின்றுபோகும். இந்த விதியை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஆட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெருமூளை வாதம் உள்ளவர்கள் ஆடும்போது ஆஃப்சைடு கிடையாது, பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே எறியும் த்ரோ-இன்னை ஒரு கையால் உருட்டிவிடலாம். காது கேளாதோர் ஆட்டத்தில் நடுவர் கொடியை அசைப்பார். 2011-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் வயதானவர்களுக்காகத் தொடங்கிய நடைக் கால்பந்தில் ஓடினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். மூட்டு வலியால் ஆட்டத்தை விட்டவர்கள் அதில் திரும்ப வந்திருக்கிறார்கள்.

சரி, இதற்கெல்லாம் வசதி வேண்டாமா என்று ஒரு ஆசிரியர் கேட்கலாம். தனி மைதானமும் தனிப் பந்தும் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளை படிப்பை முடித்துவிட்டுப் போய்விடும். சாதாரணப் பந்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் சரசரவென்று சத்தம் வரும். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பந்து மெதுவாக உருளும், நிதானமாக நடக்கிற பிள்ளைக்கும் எட்டும். விசில் பிடிக்காத பிள்ளை இருந்தால் கையைத் தூக்கிக் காட்டினால் போயிற்று. மைதானத்தின் ஒரு பகுதியைக் கோடு போட்டுப் பிரித்து, அதற்குள் பந்து வாங்கும் பிள்ளையிடமிருந்து யாரும் உடனே பறிக்கக்கூடாது என்று வைக்கலாம். எது தேவை என்பதை நாமாக முடிவு செய்வதைவிட ஆடப்போகிற பிள்ளையிடமே கேட்பது நல்லது. "டீச்சர், எனக்குப் பந்து பிரச்சினை இல்லை, பின்னாலிருந்து யாராவது வந்தால்தான் தடுமாறுகிறேன்" என்று ஒரு மாணவி சொன்ன பிறகுதான், பின்பக்கமிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தேன். வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது ஒன்று இருக்கிறது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மாற்றுத்திறனாளி மாணவரை உள்ளே அழைத்து, எல்லோரும் ஒதுங்கி நின்று, கோல்கீப்பர் வேண்டுமென்றே வேறு பக்கம் விழுந்து, ஒரு கோல் போடவைப்பது. பெற்றோர் கண்கலங்கிக் கைதட்டுவார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். அப்படி ஒரு கோல் போட்ட பையனை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பந்து வலைக்குள் போனதும் அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, கோல்கீப்பரின் முகத்தைத்தான் பார்த்தான். கோல்கீப்பர் குனிந்துகொண்டான். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். நியாயமான விதியைக் கொடுத்து, பந்தை இழக்கவும் தோற்கவும் கோபப்படவும் இடம் கொடுத்தால் அதுதான் ஆட்டம்.

நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு இதனால் நஷ்டம் என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அவர்களுக்கும் ஒரு நிபந்தனை வையுங்கள். பந்தை இரண்டு முறைக்கு மேல் தொடக்கூடாது, அல்லது பழக்கமில்லாத காலால்தான் அடிக்கவேண்டும். பார்த்துப் பாஸ் கொடுக்கும் பழக்கம் தானாக வரும். பயிற்சியாளர்கள் தனியாகச் செய்யவைக்கிற வேலைதான் அது.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து அதைத் தன்னம்பிக்கைப் பகுதியில் போடாதீர்கள். விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். யார் கோல் அடித்தார், எந்த நிமிடம், தடுப்பாட்டம் எங்கே உடைந்தது, நடுவர் சரியாகத்தான் தீர்ப்புச் சொன்னாரா என்று மற்ற ஆட்டங்களை அலசுவது போலவே அலசுங்கள். மோசமாக ஆடியிருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த ஆட்டங்களின் விதிகளை எளிய படங்களோடு ஒரு முழுப் பக்கமாக வெளியிட்டால், அதை வெட்டியெடுத்து விளையாட்டு அறைச் சுவரில் ஒட்டிவைக்க ஆசிரியர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை