ரோஸ்ஹில் நிலையத்தில் ஒரு பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் மெட்ரோ ரயில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பாட்டி ஞாபகம்தான். கோயிலுக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ரயிலில் போனால், இறங்குவதற்குள் தோளெல்லாம் கரிப்பொட்டு விழுந்திருக்குமாம், அதைத் தட்டக்கூடாது, ஊதித்தான் விடவேண்டும், தட்டினால் துணியில் அப்பிக்கொள்ளும் என்பார்.

1864ல் வடக்கே ஓடத் தொடங்கிய ரயில், அடுத்த வருஷமே போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ்ஹில், கியூர்பிப் வழியாக மேபூர் வரை போனது. 1956ல் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அறுபது வருஷத்துக்கும் மேல் பஸ்தான்.

இப்போது மெட்ரோ வந்துவிட்டது. அறுபது தாண்டியவர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசம், ரொம்ப நல்ல விஷயம். ஆனால் என் பேரனுக்கு இங்கே முன்பு ரயில் ஓடியதே தெரியவில்லை, நான் சொன்னபோது நம்பவும் இல்லை. பழைய படம் ஒன்றோடு நாலு வரி எழுதி நடைமேடையில் ஒரு பலகை வைத்தால் என்ன? நம் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது, அந்தப் பலகையிலும் தமிழ் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ரோஸ்ஹில்