செயலாளர் ஆண்டறிக்கை 2025: வருஷம் பூரா பேசினது பிளேன் விலையத்தான்

சொந்தமா பிளேன் கட்டி பறக்கற நம்ம சங்கத்துல எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப இழுத்துடுச்சுன்னு தலைவர் அண்ணன் குறைபட்டுக்கிட்டாரு, அதனால வழக்கமான சமாச்சாரத்த மொதல்லயே முடிச்சுடறேன். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம் நடந்துச்சு, ஆகஸ்ட் மட்டும் இல்ல, டெக்சாஸ் வெயில்ல தகர ஹாங்கருக்குள்ள உக்காந்தா நாமளே வெந்துடுவோம். ஜூலைல ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்கு ஆறு பேர் போய்ட்டு வந்தாங்க, மொசைக் ரூல, அதாவது சின்ன விமானங்களுக்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை) போட்ட புது விதிய, அங்க வச்சுதான் அறிவிச்சாங்க, அத பத்தி ஒரு கூட்டம் பூரா சண்ட போட்டோம். கணக்க பொருளாளர் படிப்பாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். மார்ச்ல நம்ம மெம்பர் ஒருத்தரோட ஆர்வி-7ஏ (வேன்ஸ் கம்பெனி கிட்ட, அதாவது பாகங்கள வாங்கி நாமளே கட்டற பிளேன்) லேண்டிங்ல ரெண்டு தடவ துள்ளி, நோஸ் வீல் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேய உரசிடுச்சு. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல, தப்பு தன்னோடதுதான்னு அவரே கூட்டத்துல எழுந்து சொன்னாரு, அதுக்கே ஒரு கைதட்டல். ப்ரொப் தரைய தொட்டா லைகமிங் எஞ்சின பிரிச்சு பாத்தே ஆகணும், புது ப்ரொப், புது நோஸ் கியர், எஞ்சினுக்கு பின்னாடி இருக்கற ஃபயர்வால் தடுப்பு ஓரம் நெளிஞ்ச தகரம்னு எல்லாம் சேத்து 58 ஆயிரம் டாலர் எஸ்டிமேட். பாலிசில விமானத்துக்கு போட்டிருந்த தொகை 70 ஆயிரம். 70-ல 58 தான, ரிப்பேர் பண்ணி குடுத்துடுவாங்கன்னு நாங்க எல்லாருமே நெனச்சோம்.

குடுக்கல. இன்சூரன்ஸ்காரன் கணக்கு வேற. ரிப்பேர் பண்ணா 58 கையவிட்டு போகும், எஸ்டிமேட் எப்பவும் ஏறத்தான் செய்யும். அதுக்கு பதிலா 70-ஐ குடுத்துட்டு பிளேன எடுத்துக்கிட்டா, முழுசா இருக்கற ரெக்கை, மீட்டரெல்லாம் இருக்கற பேனல், பிரிச்ச எஞ்சின்னு வித்தே 30-க்கு மேல தேத்திடலாம், ஆக அவனுக்கு நிகர செலவு 40-க்குள்ளதான். அதனால டோட்டல் லாஸ்னு எழுதி செக்க நீட்டிட்டான். அவன குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, பாலிசி அக்ரீடு வேல்யூ, அதாவது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட தொகை, அந்த 70-ஐ எழுதினது நம்ம ஆளுதான். 2016-ல மொதல் தடவ பறந்தப்போ கையில இருந்த ரசீதெல்லாம் கூட்டி போட்ட நம்பர், அதுக்கப்புறம் ஒவ்வொரு ரினியூவலுக்கும் அப்படியே கையெழுத்து. அதே மாதிரி நல்ல ஆர்வி-7ஏ ஒண்ணு இன்னிக்கு வாங்கணும்னா 120 ஆயிரத்துக்கு கீழ அவருக்கு எதுவும் மாட்டல. 2023 டிசம்பர்ல வேன்ஸ் கம்பெனி சாப்டர் 11 (திவால் பாதுகாப்பு) போய் கிட் விலைய ஏத்துனதுக்கப்புறம், பறந்துக்கிட்டு இருக்கற பிளேனுக்கு மவுசு கூடிடுச்சுங்கறது என் அபிப்பிராயம், இதுல பொருளாளருக்கு உடன்பாடு இல்ல.

சரி, 150-ன்னு தூக்கி போட்டுட்டா பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க. 100 பெறுமான பிளேன 150-க்கு போட்டா, 90 ஆயிரம் ரிப்பேரா இருந்தாலும் ஒட்டுப் போட்டு திருப்பி குடுத்துடுவான், லாக் புக்ல அந்த அடிபட்ட கதை காலத்துக்கும் நிக்கும். அதே சமயம் தொகைய நியாயமா 30 ஆயிரம் ஏத்தறதுக்கு பிரீமியம் வருஷத்துக்கு சில நூறு டாலர்தான் கூடும், ஹெட்செட்டுக்கு நாம அழற காசுதான் அது.

ரெண்டாவது கதை நல்ல கதை. முழங்கால் வலியால ரெக்கை மேல ஏற முடியலன்னு நம்ம மூத்த அண்ணன் ஒருத்தர் அவரோட ஆர்வி-8-அ விக்க முடிவு பண்ணாரு. மொதல் நாள் ஒரு எக்செல் ஷீட் கொண்டு வந்தாரு பாருங்க, கிட், எஞ்சின், பேனல், பெயிண்ட், கீழ 2,100 மணி நேரம் உழைப்பு, மணிக்கு 30 டாலர்னு 63 ஆயிரம் தனியா! அண்ணே, பொண்ண வளத்த செலவ சம்பந்தி வீட்டுக்கு பில் அனுப்ப முடியுமான்னு கேட்டேன், ஒரு வாரம் எங்கிட்ட பேசல. கடைசில விளம்பரத்துல 148-ன்னு போட்டாரு.

ஓக்லஹோமாலருந்து ஒருத்தர் மெக்கானிக்க கூட்டிட்டு வந்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன். பளபளன்னு இருந்த பெயிண்ட்ட ஒருத்தரும் திரும்பி பாக்கல. மெக்கானிக் மொதல்ல லாக் புக்க கேட்டாரு, அப்புறம் எஞ்சின் மூடிய, அதான் கௌலிங்க, கழட்டி ஃப்யூயல் ஹோஸ்ல தொங்கற தகட்டுல தேதிய படிச்சாரு, சிலிண்டருக்குள்ள போரோஸ்கோப்னு குட்டி கேமராவ விட்டு எக்ஸாஸ்ட் வால்வ ஒவ்வொண்ணா பாத்தாரு, கடைசில டார்ச்ச வாய்ல கடிச்சுக்கிட்டு பேனலுக்கு அடில மல்லாந்து படுத்தவரு அரை மணி நேரம் எழுந்திருக்கல. ஒவ்வொரு வயர்லயும் லேபிள், எல்லாம் கட்டு கட்டா. "இத கட்டினவர் ராத்திரி தூங்குவாரா"ன்னு கேட்டுக்கிட்டே வெளிய வந்தாரு. டேங்குக்கு சீலன்ட் பூசினதுலருந்து எல்லாத்துக்கும் அண்ணன் போட்டோ வச்சிருந்தாரு. ஆனா 28 ஆயிரம் போட்டு வாங்கின பேனலுக்கு பாதி விலைதான் கணக்குல எடுத்தாங்க. எஞ்சின்ல 640 மணி நேரம்தான் ஓடியிருந்துச்சு, 2,000-ல ஓவர்ஹால், அது கைகுடுத்துச்சு. 131-க்கு முடிஞ்சுது.

வாங்கினவருக்கு ஒரு வருத்தம், வருஷாந்திர கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன கட்டினவர் தன்னோட ரிப்பேர்மேன் சர்டிஃபிகேட்ட வச்சு தானே செஞ்சுக்கலாம், அந்த சர்டிஃபிகேட் பிளேனோட கைமாறாது, அதனால ஏ அண்ட் பி மெக்கானிக்குக்கு, அதாவது எஃப்ஏஏ லைசன்ஸ் வச்சவருக்கு, காசு குடுக்கணுமேன்னு. விலை பேசறப்போ இதையும் இழுத்தாரு. எஃப்ஏஏ பேப்பர்ல பில்டர்னு என்னிக்கும் அண்ணன் பேருதான் இருக்கும், அதனால நாளைக்கு ஏதாவது ஆனா தன் தலைல விழக்கூடாதுன்னு அண்ணன் வக்கீல் வச்சு ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கிட்டாரு.

இந்த ரெண்டு கதையிலயும் மாட்டிக்கிட்டது ஒரே எடத்துலதான். விளம்பரத்துல போடற விலை எல்லாருக்கும் தெரியும், கைமாறின விலை ஒருத்தருக்கும் தெரியாது. செஸ்னா, பைப்பர்னா விலை புக்கு இருக்கு, நம்மளுது ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதனால அக்டோபர் கூட்டத்துல முடிவு பண்ணபடி ஹாங்கர்ல கம்ப்ரஸர் பக்கத்துல ஒரு நோட்டு தொங்குது. வித்தவங்க, வாங்கினவங்க உண்மையான தொகை, எஞ்சின் மணி நேரம், பேனல், அடிபட்டிருக்கான்னு எழுதுங்க, பேர் வேண்டாம். இப்ப வரைக்கும் நாலு வரிதான் இருக்கு, அதுல ஒண்ணு யாரோ டீ கணக்கு எழுதினது.

ஜனவரி கூட்டத்துக்கு எல்லாரும் பாலிசியோட மொத பக்கத்த கொண்டு வாங்க, ஒண்ணா உக்காந்து பாப்போம். அப்புறம், வெயிட் பாக்கற ஸ்கேல் மூணுல ஒண்ண காணோம், எடுத்துட்டு போனவங்க சத்தமில்லாம திருப்பி வச்சுடுங்க, நான் கேக்க மாட்டேன்.